எவரை நோக்கிய நஞ்சு?

நுழையும்முன்

பூஞ்சணம் பூத்த உணவை உண்ணலாகாது என்பது நம் வீடுகளில் வழிவழியாக வரும் அறிவு. அப்பூஞ்சணத்தில் கொடிய நஞ்சு இருக்கக்கூடும் என்பதை இன்றைய அறிவியல் உறுதிசெய்துள்ளது. ஆனால், ஓடவோ ஒளியவோ இயலாத அச்சிற்றுயிர் ஏன் நஞ்சை உருவாக்குகிறது? அந்நஞ்சு எவரை நோக்கியது? இவ்வினாக்களுக்கான விடை உழவரின் களத்திலும் மருத்துவமனையிலும் நமக்குப் பயன்படுகிறது. அவ்விடையைத் தேடுவதே இப்பாடம்.

வான்கோழிகள் உணர்த்திய உண்மை

1960 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் சில மாதங்களுக்குள் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்தன. காரணம் புலப்படாமையால் அதனை 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று அழைத்தனர். நோய்க்கிருமி எதுவும் அகப்படவில்லை. பறவைகள் உண்ட தீவனத்தை ஆராய்ந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. பிரேசில் நாட்டிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூஞ்சையின் நஞ்சு கலந்திருந்தது. அப்பூஞ்சையின் பெயரைச் சுருக்கி அந்நஞ்சுக்கு 'அஃப்ளடாக்சின்' என்று பெயரிட்டனர்.

இது பறவைகளோடு நின்றுவிடவில்லை. 1974 ஆம் ஆண்டு இராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் எல்லையோர மாவட்டங்களில் மஞ்சள்காமாலை போன்ற ஒரு நோய் பரவியது. 397 பேர் நோயுற்றனர். அவர்களுள் 106 பேர் இறந்தனர். நோயுற்ற குடும்பங்களில் வளர்ந்த நாய்களும் மாண்டன. அவ்வாண்டு அறுவடைக் காலத்தில் பருவம் தவறிப் பெய்த மழையில் மக்காச்சோளம் நனைந்திருந்தது. நன்கு உலராமல் சேமிக்கப்பட்ட அத்தானியத்தில் பூஞ்சை படர்ந்தது. வேறு உணவுக்கு வழியற்ற ஏழை மக்கள் அதனையே உண்டனர். 2004 ஆம் ஆண்டு கென்யா நாட்டிலும் மக்காச்சோளம் வழியாக இத்தகைய துயரம் நேர்ந்தது. 317 பேர் நோயுற்றதில் 125 பேர் உயிரிழந்தனர்.

இத்தனை உயிர்களைப் பறித்த நஞ்சு மனிதனைக் கொல்வதற்காகத் தோன்றியதன்று. மனிதன் பயிர்த்தொழில் கற்பதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே பூஞ்சைகள் நஞ்சுகளை உருவாக்கி வருகின்றன. எனவே, நஞ்சின் நோக்கத்தை அறிய வேண்டுமெனில் நாம் பூஞ்சையின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும்.

இழைகளால் ஆன உயிர்

ரொட்டியின்மீது படரும் பூஞ்சணத்தை உருப்பெருக்கியின் வழியே நோக்கினால் மெல்லிய நூல்கள் பின்னிக் கிடப்பதைக் காணலாம். இந்நூல்களைப் பூஞ்சை இழைகள் என்பர். இவ்விழைகளின் பின்னலே மைசீலியம் எனப்படுகிறது. இவ்வாறு இழைகளாக வளர்பவை இழைப்பூஞ்சைகள் ஆகும். ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம், பியூசேரியம் முதலியன இவ்வகையைச் சேர்ந்தவை.

பூஞ்சை உண்ணும் முறை வியப்பானது. விலங்குகள் உணவை உட்கொண்ட பின்னர்ச் செரிக்கின்றன. பூஞ்சையோ உணவின்மீது நொதிகளைச் சுரந்து, உடலுக்கு வெளியிலேயே அதனைச் செரித்து, கரைந்த சத்தைப் பின்னர் உறிஞ்சிக்கொள்கிறது. இம்முறையில் ஓர் இடர் உண்டு. பூஞ்சை உழைத்துச் செரித்த உணவு திறந்தவெளியில் கிடக்கிறது. அதனைப் பாக்டீரியங்களோ பிற பூஞ்சைகளோ எளிதில் கவர்ந்துகொள்ளலாம். மண்ணில் வாழும் சிறு பூச்சிகளும் புழுக்களும் இழைகளையே மேய்ந்துவிடலாம். தப்பி ஓடக் கால்கள் இல்லை. கடித்து விரட்டப் பற்கள் இல்லை. இந்நிலையில் பூஞ்சைக்கு வாய்த்த படைக்கலம் வேதியியலே.

முதல்நிலையும் இரண்டாம்நிலையும்

உயிரினங்கள் தம் உடலுக்குள் பல்லாயிரம் வேதிப்பொருள்களை உருவாக்குகின்றன. அவற்றுள் சர்க்கரைகள், அமினோ அமிலங்கள், கொழுப்புகள் போன்றவை இன்றி எவ்வுயிரும் வளர இயலாது. இவை முதல்நிலை வளர்சிதைமாற்றப் பொருள்கள் எனப்படுகின்றன. வேறு சில பொருள்கள், குறிப்பிட்ட சில உயிரினங்களில் மட்டும், குறிப்பிட்ட சூழலில் மட்டும் உருவாகின்றன. இவற்றை இரண்டாம்நிலை வளர்சிதைமாற்றப் பொருள்கள் என்பர். இப்பாகுபாட்டை 1891 ஆம் ஆண்டு ஜெர்மானிய அறிஞர் ஆல்பிரெக்ட் கோசல் முன்வைத்தார். பூஞ்சைகளின் நஞ்சுகள், நிறமிகள், உயிர் எதிர்ப்பொருள்கள் ஆகியன இரண்டாம் வகையைச் சார்ந்தவை.

'இரண்டாம்நிலை' என்னும் சொல் சிலரைத் தவறாக எண்ணச் செய்தது. வளர்ச்சிக்குத் தேவையில்லாத பொருள் என்றால், அது உடல் வெளியேற்றும் கழிவாகத்தான் இருக்கும் எனக் கருதியவர்கள் உண்டு. ஆய்வகத்தில் சத்து நிறைந்த ஊடகத்தில், பகையும் போட்டியும் இன்றி வளரும் பூஞ்சை, நஞ்சை உருவாக்கும் திறனை இழந்தாலும் நன்றாகவே வளர்கிறது. இதுவும் அக்கருத்துக்கு வலுவூட்டுவதாகத் தோன்றியது.

கழிவா, கருவியா?

மரபணு ஆய்வு இதற்கு மறுமொழி கூறியது. அஃப்ளடாக்சின் ஒன்றை உருவாக்குவதற்கு இருபதுக்கும் மேற்பட்ட வேதிப்படிகள் தேவைப்படுகின்றன. அவற்றுக்குரிய ஏறத்தாழ 30 மரபணுக்களும் ஒரே குரோமோசோமில் அடுத்தடுத்து, ஒரு கொத்தாக அமைந்துள்ளன. அக்கொத்தைத் தூண்டுவதற்கெனத் தனி மரபணுவும் அதனுள்ளேயே இருக்கிறது. வெளியே எறியப்படும் கழிவுக்காக ஓர் உயிர் இத்தனை படிகளைக் கொண்ட தொழிற்சாலையைக் கட்டிக் காத்துவருமா?

மேலும், நஞ்சு எப்போதும் உருவாவதில்லை. இழைகளின் வளர்ச்சி தளர்ந்து, அடுத்த தலைமுறைக்கான வித்துகள் தோன்றும் காலத்தை ஒட்டியே பெரும்பாலும் உருவாகிறது. 2004 ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர் நான்சி கெல்லர் குழுவினர், ஆஸ்பெர்ஜில்லஸ் நிடுலன்ஸ் என்னும் பூஞ்சையில் 'லே-ஏ' என்னும் மரபணுவைக் கண்டறிந்தனர். ஒரு தலைமை விசையைப் போன்று இம்மரபணு பல நச்சுக்கொத்துகளை ஒருசேர இயக்குகிறது. இதனோடு இணைந்து செயற்படும் புரதங்கள், ஒளி இருக்கிறதா, இருளா என்னும் செய்தியையும் பெறுகின்றன. அதற்கேற்ப வித்து உருவாக்கமும் நச்சு உருவாக்கமும் ஒன்றோடொன்று இசைந்து நடைபெறுகின்றன. காலமும் இடமும் அறிந்து வெளிப்படும் ஒன்றைக் கழிவு என்பது பொருந்தாது. கருவி என்பதே பொருந்தும்.

மேய்வோருக்கு எதிரான காவல்

கருவி எனில் அதன் பணி யாது? இதனை அறிய ஆய்வாளர்கள் எளிய, ஆனால் நுட்பமான ஓர் ஆய்வை மேற்கொண்டனர். மண்ணில் வாழ்ந்து பூஞ்சைகளை மேயும் ஸ்பிரிங்டெயில் என்னும் சிற்றுயிரியின் முன் இருவகைப் பூஞ்சைகளை வைத்தனர். ஒன்று இயல்பானது, மற்றொன்று 'லே-ஏ' மரபணு நீக்கப்பட்டதால் நஞ்சு உருவாக்கும் திறன் குன்றியது. சிற்றுயிரிகள் நஞ்சு குன்றிய பூஞ்சையையே நாடிச் சென்றன. 2007 ஆம் ஆண்டு வெளியான இவ்வாய்வு, இரண்டாம்நிலைப் பொருள்கள் பூஞ்சைக்கு வேலியாக நிற்பதைக் காட்டியது.

பழ ஈயின் புழுக்களைக் கொண்டு நடந்த ஆய்வுகள் மேலும் ஒரு செய்தியைத் தந்தன. புழுக்கள் மேயத் தொடங்கியதும் பூஞ்சையில் இரண்டாம்நிலைப் பொருள்களுக்குரிய மரபணுக்கள் கூடுதலாகச் செயற்பட்டன. தாக்கப்படும்போது தற்காப்பை வலுப்படுத்திக்கொள்ளும் ஆற்றல் பூஞ்சைக்கும் உண்டு என்பது இதனால் விளங்குகிறது.

பூஞ்சை தன் உடலின் எல்லாப் பகுதிகளையும் ஒரே அளவில் காப்பதில்லை. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ், வறட்சியைக் கடந்து மண்ணில் நீண்டநாள் உயிர்த்திருப்பதற்காகக் கடினமான உருண்டைகளை உருவாக்குகிறது. இவற்றை ஸ்கிளிரோஷியங்கள் என்பர். விதைநெல்லை உழவர் தனியே காப்பதுபோலப் பூஞ்சை இவற்றைக் காக்கிறது. பூஞ்சை உண்ணும் வண்டுகளை விலக்கவல்ல அஃப்ளாவினின் என்னும் பொருள்கள் இவ்வுருண்டைகளில் செறிந்துள்ளன.

காவலுக்கு ஒரு விலையும் உண்டு. நஞ்சை உருவாக்க ஆற்றலும் சத்தும் செலவாகின்றன. பூச்சிகளே இல்லாத சூழலில் நஞ்சு உருவாக்கும் பூஞ்சைக்கு அதனால் ஆதாயம் இல்லை. பூச்சிப் புழுக்கள் உள்ள சூழலில் அதுவே மேலோங்குகிறது. இயற்கையில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் இனத்துக்குள் நஞ்சுடையவையும் நஞ்சற்றவையும் சேர்ந்தே வாழ்வதற்கு இச்செலவும் வரவும் காரணமாகின்றன.

ஒரே உணவுக்குப் பல போட்டியாளர்கள்

அழுகும் பழம் ஒன்றில் பூஞ்சைக்கு எண்ணற்ற போட்டியாளர்கள் உள்ளனர். 1928 ஆம் ஆண்டு அலெக்சாண்டர் பிளெமிங், தம் ஆய்வுத்தட்டில் விழுந்த பெனிசிலியம் பூஞ்சையைச் சுற்றிப் பாக்டீரியங்கள் அழிந்திருந்ததைக் கண்டார். மனித குலத்துக்கு மாமருந்தாகிய பெனிசிலின், பூஞ்சைக்குப் போட்டியாளரை விலக்கும் கருவியே ஆகும்.

போட்டியாளரைக் கொல்வது மட்டுமே வழியன்று. அவர்களின் படைக்கலத்தைச் செயலிழக்கச் செய்வதும் ஒரு வழி. மண்ணில் வாழும் சூடோமோனாஸ் பாக்டீரியம் ஒன்று, பூஞ்சைகளை அழிக்கும் வேதிப்பொருளை உருவாக்குகிறது. பியூசேரியம் பூஞ்சை சுரக்கும் பியூசாரிக் அமிலம், பாக்டீரியத்தில் அப்பொருள் உருவாவதையே தடுத்துவிடுகிறது. எதிரியின் வில்லில் நாணேறும் முன்பே அதனை அறுப்பதற்கு இது ஒப்பாகும்.

எதிர்த்தரப்பும் வாளாவிருப்பதில்லை. பியூசேரியம் உருவாக்கும் சியராலினோன் என்னும் நஞ்சு பிற பூஞ்சைகளைப் பாதிக்கிறது. ஆனால், குளோனோஸ்டாக்கிஸ் ரோசியா என்னும் பூஞ்சை அந்நஞ்சைச் சிதைக்கும் நொதியைப் பெற்றுள்ளது. அதனால் பியூசேரியத்தையே அது தாக்கி வாழ்கிறது. வாளும் கேடயமும் மாறிமாறிக் கூர்மை பெறும் இப்போர், மண்ணின் ஒவ்வொரு பிடியிலும் ஓசையின்றி நடந்துகொண்டிருக்கிறது.

பயிருக்குள் நுழையும் திறவுகோல்

சில பூஞ்சைகளுக்கு நஞ்சு, தற்காப்புக் கேடயமாக மட்டுமன்றிப் பயிரின் கதவைத் திறக்கும் திறவுகோலாகவும் அமைகிறது. பியூசேரியம் கிராமினியேரம் கோதுமைக் கதிரைத் தாக்கும் பூஞ்சை. இது டீஆக்சிநிவலினால் என்னும் நஞ்சைச் சுரக்கிறது. இந்நஞ்சு, செல்லில் புரதங்கள் உருவாகும் இடமாகிய ரைபோசோமைச் செயலிழக்கச் செய்கிறது. புரதம் இன்றேல் பயிர் தன் தற்காப்பை எழுப்ப இயலாது.

இந்நஞ்சை உருவாக்கும் முதல் மரபணுவை நீக்கிய பூஞ்சையைக் கோதுமைக் கதிரில் செலுத்திப் பார்த்தனர். அது நுழைந்த சிறுகதிரை மட்டும் பாதித்தது. கதிரின் நடுத்தண்டைக் கடந்து அடுத்த சிறுகதிருக்குச் செல்ல அதனால் இயலவில்லை. நஞ்சுடைய பூஞ்சையோ கதிர் முழுவதும் பரவியது. பூஞ்சையின் நஞ்சு நோயின் பரவலுக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு இது தெளிவான சான்றாகும்.

புல்லுக்குத் துணைநிற்கும் பூஞ்சை

இதற்கு நேர்மாறான உறவும் உண்டு. எபிக்ளோயி என்னும் பூஞ்சை சிலவகைப் புற்களின் உடலுக்குள்ளேயே வாழ்கிறது. புல் அதற்கு உணவும் உறைவிடமும் தருகிறது. கைம்மாறாகப் பூஞ்சை தன் நச்சுப்பொருள்களால் புல்லைப் பூச்சிகளிடமிருந்து காக்கிறது.

நியூசிலாந்து நாட்டின் மேய்ச்சல் நிலங்களில் ரைபுல்லை மேய்ந்த ஆடுகள் தள்ளாடி விழுந்தன. புல்லுக்குள் வாழும் பூஞ்சையின் லோலிட்ரெம்-பி என்னும் நஞ்சே அதற்குக் காரணம். பூஞ்சையை நீக்கினால் இடர் தீரும் எனத் தோன்றலாம். ஆனால், பூஞ்சை நீங்கிய புல்லைத் தண்டு துளைக்கும் கூன்வண்டு அழித்தது. அவ்வண்டை விலக்கிவந்தது அதே பூஞ்சை உருவாக்கிய பெரமைன் என்னும் மற்றொரு பொருள். இதனை உணர்ந்த அறிவியலாளர்கள், பெரமைனை உருவாக்கும், ஆனால் லோலிட்ரெம்-பியை உருவாக்காத பூஞ்சை வகையைத் தேர்ந்தெடுத்துப் புல்லில் சேர்த்தனர். ஆடுகளும் பிழைத்தன, புல்லும் பிழைத்தது. ஒவ்வொரு நஞ்சின் பணியையும் தனித்தனியே அறிந்ததன் பயன் இது.

தன் நஞ்சிலிருந்து தன்னைக் காத்தல்

நஞ்சை உருவாக்கும் பூஞ்சை அந்நஞ்சால் ஏன் இறப்பதில்லை? அதற்கும் பல வழிகள் உள்ளன. அஃப்ளடாக்சின் உருவாக்கத்தின் இறுதிப்படிகள் செல்லுக்குள் சிறுசிறு நுண்பைகளில் நடைபெறுகின்றன. பின்னர் அப்பைகள் நஞ்சைச் செல்லுக்கு வெளியே கொண்டு சேர்க்கின்றன. நச்சுக்குடத்தை மூடியிட்டுத் தூக்கிச் செல்வதற்கு இதனை ஒப்பிடலாம்.

பெனிசிலியம் பிரெவிகாம்பேக்டம் என்னும் பூஞ்சை மைக்கோபினாலிக் அமிலத்தை உருவாக்குகிறது. இது செல்லுக்கு இன்றியமையாத ஒரு நொதியை முடக்குகிறது. அப்பூஞ்சையோ, அந்நொதியின் மற்றொரு வடிவத்தை, நஞ்சுக்கு எளிதில் ஆட்படாத வடிவத்தைத் தனியே வைத்திருக்கிறது. அதற்குரிய மரபணுவும் நச்சுக்கொத்துக்குள்ளேயே அமைந்துள்ளது. வாளையும் கேடயத்தையும் ஒரே பெட்டியில் வைத்துத் தலைமுறைக்குக் கொடுத்துச் செல்கிறது இயற்கை.

நஞ்சே மருந்தாக

உயிரினங்களின் செல்லுக்குள் குறிப்பிட்ட ஓர் இடத்தைத் தாக்குவதற்கென நெடுங்காலப் பரிணாமத்தில் செப்பமுற்ற பொருள்கள் இவை. இப்பண்பே இவற்றை மருந்தாக்கியது. மைக்கோபினாலிக் அமிலம் இன்று உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டோருக்கு உதவுகிறது. புதிய உறுப்பை உடல் புறந்தள்ளாதவாறு காக்கிறது. தானியக் கதிரில் வளரும் எர்காட் என்னும் பூஞ்சை, இடைக்கால ஐரோப்பாவில் கைகால்கள் அழுகி விழும் கொடுநோயை உண்டாக்கியது. அதிலிருந்து 1935 ஆம் ஆண்டு பிரித்தெடுத்த எர்கோமெட்ரின், மகப்பேற்றுக்குப் பின் ஏற்படும் குருதிப்போக்கை நிறுத்தித் தாய்மார்களைக் காத்தது. குருதியில் கொழுப்பைக் குறைக்கும் மருந்துகளுக்கு அகிரா எண்டோ என்னும் ஜப்பானிய அறிஞர் 1970களில் வழிகாட்டினார். அவர் முதற்பொருளைக் கண்டெடுத்ததும் பெனிசிலியம் பூஞ்சையிலிருந்தே. பூஞ்சைக்குக் காவலாய் அமைந்தவை அளவறிந்து ஆளப்படும்போது மனிதருக்கு மருந்தாகின்றன.

தெரிந்து தெளிவோம்

ஜப்பானில் சோயாச் சாறு முதலியவற்றைப் புளிக்கவைக்கப் பயன்படும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே, நச்சுடைய ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸின் மிக நெருங்கிய உறவாகும். அஃப்ளடாக்சினுக்குரிய மரபணுக்கொத்தின் எச்சங்கள் அதனிடமும் உள்ளன; ஆயினும் அவை செயற்படுவதில்லை. மனிதர் பன்னூறு ஆண்டுகள் பேணி வளர்த்த பூஞ்சை இது.

காரணம் அறிந்தால் காவல் எளிது

அஃப்ளடாக்சின் மனித உடலுக்குள் சென்றால் கல்லீரல் அதனைச் சிதைக்க முயல்கிறது. அம்முயற்சியின்போது உருவாகும் பொருள், செல்லின் மரபுப்பொருளாகிய டி.என்.ஏ.வோடு பிணைந்துகொள்கிறது. இதனால் கல்லீரல் புற்றுநோய் உண்டாகிறது. உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் முதற்பிரிவில் அஃப்ளடாக்சினைச் சேர்த்துள்ளது. வழக்கமான சமையல் வெப்பத்தில் இது முற்றிலும் அழிவதில்லை. நஞ்சு கலந்த புண்ணாக்கை உண்ணும் கறவை மாட்டின் பாலிலும் இதன் மாற்றுவடிவம் கலக்கிறது. எனவே, ஒரு கிலோகிராம் பாலில் அது 0.5 மைக்ரோகிராமைக் கடக்கலாகாது என்று இந்திய உணவுத்தர விதி வரையறுத்துள்ளது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகும்.

உணவில் கலந்த நஞ்சை நீக்குவது கடினம். அது உருவாகாமல் தடுப்பதே அறிவுடைமை. பூஞ்சையின் வாழ்க்கையை அறிந்த நமக்கு அதற்கான வழிகள் புலப்படுகின்றன. நிலக்கடலை முற்றும் காலத்தில் வறட்சியும் மண்ணின் வெப்பமும் கூடினால், நீரிழந்த பருப்பு தனக்கு இயல்பாக உள்ள எதிர்ப்பாற்றலை இழக்கிறது. அந்நேரமே பூஞ்சைக்கு வாய்ப்பாகிறது. எனவே, அக்காலத்தில் இயன்றவரை நீர் பாய்ச்ச வேண்டும். பூச்சி துளைத்த காயும், மண்வெட்டி பட்டு வெடித்த காயும் பூஞ்சைக்குத் திறந்த வாயில்கள். அவற்றைக் களத்திலேயே பொறுக்கி நீக்குதல் வேண்டும். பறித்த காயைக் குவித்துவைக்காமல் பரப்பி, அதன் ஈரப்பதம் எட்டு விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்வரை உலர்த்த வேண்டும். காய்ந்த காயைக் காதருகே வைத்து ஆட்டினால் உள்ளிருக்கும் பருப்பு சலசலக்கும். சொத்தையும் சுருங்கலுமாய்க் கழிக்கப்பட்ட பருப்பைச் செக்குக்கோ தீவனத்துக்கோ அனுப்புவது, நஞ்சை வேறு வாசல் வழியே வீட்டுக்குள் அழைப்பதாகும்.

பூஞ்சையைக் கொண்டே பூஞ்சையை வெல்லும் வழியும் உண்டு. இயற்கையில் நஞ்சற்ற ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் வகைகள் இருப்பதை முன்னரே கண்டோம். அவற்றைச் சோளமணிகளில் ஏற்றி, பயிர் வளரும் நிலத்தில் தூவுகின்றனர். அவை முந்திச்சென்று இடம்பிடித்துக்கொள்வதால் நச்சுவகைக்கு இடமில்லாது போகிறது. அமெரிக்காவின் பருத்தி வயல்களில் வளர்ந்த இம்முறை, 2014 ஆம் ஆண்டு நைஜீரியாவில் பதிவுபெற்று, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் மக்காச்சோளத்தையும் நிலக்கடலையையும் காத்துவருகிறது.

நிறைவாக

பூஞ்சையின் நஞ்சு, மேய்வோரை விலக்கும் வேலி. போட்டியாளரை அடக்கும் படைக்கலம். பயிருக்குள் நுழையும் திறவுகோல். புல்லுக்கு அளிக்கும் துணை. ஒரே நஞ்சு ஒன்றுக்கு மேற்பட்ட பணிகளையும் ஆற்றலாம். மனிதர் இப்போரில் பகைவராகக் குறிக்கப்பட்டவர் அல்லர், இடையில் புகுந்தவர். ஆயினும் 1974 இல் நனைந்த மக்காச்சோளத்தை உண்டு மாண்டவர்களுக்கு அவ்வேறுபாடு பயன்படவில்லை. உலர்ந்த தானியமும் உலர்த்த ஓர் இடமும் நல்லதைத் தேர்ந்துண்ணும் வாய்ப்பும் இருந்திருப்பின் அவர்கள் பிழைத்திருப்பர். நஞ்சின் நோக்கத்தை ஆய்வகம் கண்டு சொல்லலாம். அவ்வறிவை ஏழையின் அடுக்களைவரை கொண்டு சேர்ப்பது சமுதாயத்தின் கடமையாகும்.

மொழியை அறிவோம்

நஞ்சு + பொருள் = நச்சுப்பொருள்
மருந்து + பை = மருத்துப்பை
இரும்பு + பாதை = இருப்புப்பாதை

மென்தொடர்க் குற்றியலுகரச் சொற்கள் சில, வேற்றுமைப் புணர்ச்சியில் தம் இனமான வன்தொடராகத் திரியும். 'நஞ்சு' என்பது 'நச்சு' எனத் திரிந்தது இவ்வாறே.

சொற்பொருள்

கொத்து – ஒன்றாய்ச் சேர்ந்திருப்பது
செப்பம் – செம்மை, திருத்தம்
வாளாவிருத்தல் – செயலற்று இருத்தல்
கைம்மாறு – பெற்ற உதவிக்குச் செய்யும் எதிருதவி
திறவுகோல் – சாவி
முகமை – ஒரு பணிக்கென அமைந்த நிறுவனம்

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் நிலக்கடலை, மிளகாய், தேங்காய் முதலியவற்றை உலர்த்திச் சேமிக்கும் முறைகளை உழவரிடமும் வணிகரிடமும் கேட்டறிந்து தொகுக்க.
2. 'பூஞ்சைகள் பகையா, துணையா?' என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.
3. பூஞ்சணம் பூத்த உணவைத் தவிர்க்க வேண்டியதன் காரணத்தை விளக்கும் சுவரொட்டி ஒன்றைத் தமிழில் உருவாக்கிப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தருகே வைக்க.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. பூஞ்சை தன் உணவைச் செரிக்கும் இடம்
அ) இழைகளின் உள்ளே ஆ) உடலுக்கு வெளியே இ) வித்துகளில் ஈ) நுண்பைகளில்

2. பொருத்துக.
அ) பெரமைன் – 1) ரைபோசோமை முடக்குதல்
ஆ) பியூசாரிக் அமிலம் – 2) கூன்வண்டை விலக்குதல்
இ) டீஆக்சிநிவலினால் – 3) பாக்டீரியத்தின் படைக்கலத்தைத் தடுத்தல்

குறுவினா

1. முதல்நிலை, இரண்டாம்நிலை வளர்சிதைமாற்றப் பொருள்களை வேறுபடுத்துக.
2. பூஞ்சை தன் நஞ்சிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகள் இரண்டனைக் கூறுக.

சிறுவினா

1. நஞ்சு கழிவன்று, கருவியே என்பதற்கு மரபணு ஆய்வு தரும் சான்றுகளை எழுதுக.
2. நியூசிலாந்து மேய்ச்சல் நிலங்களில் ஏற்பட்ட இடர் தீர்க்கப்பட்ட முறையை விவரிக்க.

நெடுவினா

'நஞ்சின் நோக்கத்தை அறிவது, நஞ்சிலிருந்து காத்துக்கொள்ளும் வழியையும் காட்டுகிறது' – பாடப்பகுதியின் துணைகொண்டு நிறுவுக.